தண்டல் முடியட்டும், ஃப்ரிட்ஜ் பிறகு வாங்கலாம்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வாடகை இடத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தினம் 6,000 ரூபாய் வியாபாரம். வாடகை, கரன்ட் சேர்த்து மாதம் 7,000. தலா 20,000-க்கு இரண்டு தண்டல் (தினவசூல் கடன்) ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் கைக்கு வந்தது 17,000. நாளுக்கு 200 வீதம் 100 நாள். ஒன்றில் 35 நாள், இன்னொன்றில் 60 நாள் பாக்கி. வீட்டுக்குக் கல்லாவிலிருந்து தினம் 300 எடுக்கிறேன். வாடிக்கையாளர்கள் தர வேண்டியது கடன் நோட்டில் 28,000 நிற்கிறது. வியாபாரம் நடந்தும் சரக்கு குறைகிறது. வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க 50,000 தண்டல் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மளிகையில் எல்லாம் கலந்து நூற்றுக்கு 12 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் (எண்ணெய், சர்க்கரையில் இன்னும் குறைவு), உங்கள் ஒரு நாள் லாபம் 720, மாதம் 21,600. வாடகை, கரன்ட் போக 14,600. தண்டலுக்கு 12,000 போனால் மிச்சம் 2,600. வீட்டுக்கு எடுப்பதோ 9,000. குறையும் 6,400-ம் சரக்கு வாங்க வைத்த பணத்திலிருந்துதான் போகிறது. அலமாரி காலியாவது அதனால்தான்.

உங்கள் தண்டலின் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். தினமும் அசலும் குறைவதால்தான் 3,000 ரூபாய் பிடித்தம் இவ்வளவு பெரிய வட்டியாகிறது. புதிய தண்டலும் இதே கணக்கென்றால் கைக்கு 42,500 வரும், நாளுக்கு 500 கட்ட வேண்டும். பழைய 400-ஐச் சேர்த்தால் 900. கடையின் லாபமே 720!

நகையை அடகு வைத்துப் பழைய தண்டலை முடிக்கலாமே என்று தோன்றும். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். தள்ளுபடி கிடைக்காவிட்டால் முன்கூட்டிக் கட்டி என்ன பயன்? அவை தானாக முடியட்டும், புதுப்பிக்காதீர்கள்.

இந்த 60 நாள் பற்றாக்குறைக்குக் கடன் நோட்டு கைகொடுக்கும். வாரக்கூலி வாங்குபவர்களிடம் சம்பள நாள் சாயங்காலமே கேளுங்கள். பழைய பாக்கியில் பாதி வந்தால்தான் புதுக் கடன் என்று பக்குவமாகச் சொல்லுங்கள், உங்கள் தெரு மனிதர்கள்தானே. வரும் பணம் நேராகச் சரக்குக்கே போகட்டும்.

பிறகு ஃப்ரிட்ஜுக்கு வங்கியில் முத்ரா திட்டத்தின் 'சிசு' கடன் கேளுங்கள். 50,000 வரை, அடமானம் வேண்டாம். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குத் தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். கடையின் க்யூஆர் கோடு பிள்ளையின் கணக்கில் இருந்தால் இன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வங்கி மேலாளர் பார்க்கப்போவது அந்தக் கணக்கின் வரவைத்தான்.