வீட்டில் தயாரிக்கும் பீரைப் புட்டியில் அடைக்கும்போது சர்க்கரை சேர்ப்பது ஏன்?

நொதித்து முடிந்த பீரில் சிறிதளவு சர்க்கரை கலந்து, மூடிய புட்டிக்குள்ளேயே மீண்டும் ஒருமுறை நொதிக்க விடுவதைப் புட்டி நொதிப்பு என்கிறோம். முதல் நொதிப்பில் உண்டாகும் கரியமில வாயுவின் பெரும்பகுதி வெளியேறிவிடுவதால், அந்த நிலையில் பீரில் நுரை எழுவதில்லை. புதிதாகச் சேர்த்த சர்க்கரையை, எஞ்சியிருக்கும் ஈஸ்ட் உண்டு மீண்டும் வாயுவை வெளியிடுகிறது. இறுக்கமான மூடி அதைத் தப்பவிடாததால், அழுத்தம் கூடி வாயு பீரிலேயே கரைகிறது. ரொட்டி மாவுக்குள் சிக்கிய வாயு மாவை உப்பச் செய்வதைப் போன்றதே இது. ஆனால் கண்ணாடி உப்பாது, அளவு மீறினால் வெடிக்கும். ஆகவே லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரை என்ற அளவைக் கடைப்பிடிப்பதும், அதைவிட முக்கியமாக, அடர்த்திமானி (பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) காட்டும் அளவு இரண்டு மூன்று நாள்களுக்கு மாறாமல் நிற்பதை, அதாவது முதல் நொதிப்பு முடிந்துவிட்டதை, உறுதிசெய்த பின்னரே அடைப்பதும் அவசியம். சக ஆர்வலர்களுக்குச் சுவைக்கக் கொடுக்கும் புட்டியில், அடைத்த தேதியையும் சர்க்கரையின் அளவையும் எழுதிவைத்தால் அவர்களுடைய கருத்து உண்மையாகவே பயன்படும். இந்தச் சர்க்கரை பீரை இனிப்பாக்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஈஸ்ட் அதை ஏறக்குறைய முழுவதும் உண்டுவிடுவதால் அதன் இனிப்பு எஞ்சுவதில்லை.