பித்தளையில் எண்ணெய்ப் பிசுக்கு: கேள்வி பதில்

கேள்வி (தட்டாஞ்சாவடி): லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ்களை (துளையுள்ள உருளைத் துண்டுகளை) அமிலத்தில் தோய்த்தால் திட்டுத்திட்டாகவே வெளுக்கின்றன. அமிலம் போதவில்லையா, ஐயா?

பதில்: அமிலத்தில் குறையில்லை, கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் படிந்திருக்கும் இடத்தில் அது பித்தளையைத் தொடுவதே இல்லை. முதலில் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, உள்துளையையும் திருகு மரைகளையும் தூரிகையால் தேய்த்து, பிறகு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெந்நீரில் கழுவுங்கள். கட்டிங் ஆயிலில் உள்ள கனிம எண்ணெய் சலவை சோடாவுடன் சேர்ந்து சோப்பாக மாறாது என்பதால், சோடாவை மட்டும் நம்ப வேண்டாம். சோப்பு முழுதும் போகும்வரை அலசியபின் நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள்: நீர் அறுபடாத படலமாக நின்றால் பிசுக்கு நீங்கிவிட்டது, தாமரை இலையில் போல முத்துமுத்தாகத் திரண்டால் மீண்டும் மண்ணெண்ணெயிலிருந்து தொடங்குங்கள். சோப்பு மிச்சமிருந்தாலும் நீர் பரவி ஏமாற்றும். அதனால்தான் அலசுவதை வலியுறுத்துகிறேன்.

கேள்வி (கடலூர் முதுநகர்): குத்துவிளக்கில் பழைய நல்லெண்ணெய் கறுத்துப் பிசினாக ஒட்டியிருக்கிறது. புளி போட்டும் போகவில்லை.

பதில்: புளி களிம்பை நீக்கும், எண்ணெயை நீக்காது. இது தாவர எண்ணெய். ஆகவே இங்கே சலவை சோடா கரைத்த வெந்நீர் நன்றாக வேலை செய்யும். பிசின் இளகியபின் மரக்குச்சியால் சுரண்டி, கழுவி, கடைசியாகப் புளியிடுங்கள். இரவெல்லாம் புளியில் ஊறவிடக் கூடாது. துத்தநாகம் கரைந்து செம்பு நிறத் திட்டுகள் தோன்றும்.

கேள்வி (வில்லியனூர்): அம்மோனியா கலந்த திரவம் பிசுக்கை விரைவாக எடுக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வளைத்தும் இழுத்தும் உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அது விரிசலாக வெளிப்படும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921-இல் விளக்கப்பட்டது. அந்தக் கூடுகளில் செம்பு ஏறக்குறைய 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இன்றும் தகட்டை இழுத்துச் செய்யும் பல பொருள்களுக்கு இதே கலவைதான். விரிசல் விட்டதைப் பளபளப்பாக்கி என்ன பயன்?

கேள்வி (புதுச்சேரி, கடற்கரை அருகில்): துலக்கிய சில நாள்களிலேயே கறுத்துவிடுகிறது.

பதில்: உப்புக்காற்றும் கைவியர்வையும்தான் காரணம். கழுவியவுடன் உலர்த்தி, துணியால் பிடித்து, லேக்கர் என்னும் நிறமற்ற காப்புப் பூச்சைப் பூசுங்கள். பிசுக்கு மிஞ்சிய இடத்தில் லேக்கர் பிடிக்காமல் உரிந்துவிடும்; ஆகவே பூசுவதற்கு முன், முதல் பதிலில் சொன்ன நீர்ச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.