கேள்வி-பதில்: ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதுமா?

கேள்வி: பழைய 3யூ ஓப்பன் விபிஎக்ஸ் (கரடுமுரடான சூழலுக்கான கணினிக் கார்டு-ஸ்லாட் தரம்; 3யூ என்பது கார்டின் உயர அளவு) பெட்டியில் நன்றாக ஓடிய பிராசசர் கார்டைப் புதிய சோசா (ராணுவ சென்சார் கருவிகளுக்காக அதன்மேல் கட்டிய தரம்) பெட்டியில் செருகினோம். கச்சிதமாக உட்கார்ந்தது, உயிர் வரவில்லை. இரண்டும் திறந்த தரம்தானே?

பதில்: கார்டைக் குறை சொல்வதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். 3யூ விபிஎக்ஸில் கார்டுக்கு மின்சாரம் வரும் முக்கிய வழிகள் மூன்று: விஎஸ்1 என்பது 12 வோல்ட், விஎஸ்2 என்பது 3.3, விஎஸ்3 என்பது 5. பழைய கார்டுகள் பலவும் 5 வோல்ட்டை நம்பியவை. சோசாவில் முக்கிய மின்சாரம் 12 வோல்ட் மட்டுமே, துணைக்கு ஒரு 3.3. உங்கள் கார்டின் டேட்டாஷீட்டில் விஎஸ்3-க்கு நேரே ஆம்பியர் போட்டிருந்தால், அது இந்தப் பெட்டிக்கு ஆகாது.

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்லாட் புரொஃபைல். விட்டா 65 தரம் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பின்னில் எந்த சிக்னல் என்று எழுதி வைத்திருக்கிறது. சோசாவில் 14.6.11 பொதுவான பேலோடு (முக்கிய வேலையைச் செய்யும்) கார்டுக்கு, 14.2.16 உள்ளீடு-வெளியீடு அதிகமுள்ள கார்டுக்கு. கனெக்டரின் உருவம் ஒன்றுதான், பின்களின் வேலைதான் வேறு. பழைய புரொஃபைல்களில் 'பயனர் விருப்பம்' என்று விட்டிருந்த பின்களில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு சிக்னல் போட்டது. அப்படிப்பட்ட கார்டு வேறு பேக்பிளேனில் (ஸ்லாட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பின்புறப் பலகை) ஏறினால், ஓர் அவுட்புட் இன்னொரு அவுட்புட்டோடு மோதிச் சிப் எரியலாம். அதைத் தடுக்கத்தான் பேக்பிளேன் வழிகாட்டிப் பின்னில் கோணம் மாற்றிப் பொருத்தும் கீயிங் இருக்கிறது. கார்டு ஏற மறுத்தால் கீயைக் கழற்றி ஏற்றுவது பெரும் தவறு. அது தடுப்பதற்கே வைத்தது. பெட்டி வாங்கும்முன் பேக்பிளேனின் ஸ்லாட் எண்களையும் கார்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 'விபிஎக்ஸ்' என்ற பெயர் மட்டும் ஒத்துப்போவதால் பயனில்லை.

கேள்வி: விசிறி இல்லாத பெட்டியில், மேசைச் சோதனையில் தேறிய கார்டு அரை மணி நேரத்தில் வேகம் குறைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: வெட்ஜ் லாக்கில்தான் (கார்டின் ஓரத்தைப் பெட்டிச் சுவரோடு இறுக்கும் ஆப்புப் பூட்டு) சந்தேகம். இத்தகைய கார்டின் வெப்பம் முழுவதும் இரு ஓரங்கள் வழியாகப் பெட்டியின் சுவருக்குப் போக வேண்டும். கணக்குக்கு, அந்த இணைப்பின் வெப்பத்தடை ஒரு வாட்டுக்கு 0.2 டிகிரி என்றால் 60 வாட் கார்டில் 12 டிகிரி வித்தியாசம். இறுக்கம் போதாமல் தடை இரட்டித்தால் அதுவே 24. கார்டு தாங்க வேண்டிய சூழலை வகுக்கும் விட்டா 47 தரத்தின் சிசி4 வகைக்கு ஓர வெப்பம் 85 டிகிரி வரை போகலாம். உச்சத்தில் ஓடும் கார்டுக்கு அந்தக் கூடுதல் 12 டிகிரியே போதும், சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

கார்டை லீவரால் முழுதும் அழுத்தி உட்கார வைத்த பிறகுதான் வெட்ஜ் லாக்கை முறுக்க வேண்டும். கைப்பழக்கத்தை நம்பாமல், முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். பல 3யூ ரகங்களுக்கு 6 முதல் 8 அங்குல-பவுண்டு, சரியான அளவை லாக் தயாரிப்பாளரின் ஏட்டில் பாருங்கள். ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள்: ஈரப் பாதுகாப்புக்குப் பூசிய கோட்டிங் தொடும் இடத்தில் ஒரு சிறு துளி வழிந்திருந்தாலும் உலோகம் உலோகத்தைத் தொடாது. கழற்றும்போது முதலில் லாக், பிறகு லீவர். மாற்றிச் செய்தால் கனெக்டரின் வேஃபர்கள் (உள்ளே அடுக்கிய மெல்லிய தகடுகள்) உடையலாம்.

கேள்வி: விளம்பரத்தில் 'சோசா அலைண்டு' என்று போடுகிறார்கள். சான்று பெற்றதா?

பதில்: இல்லை. அந்தத் தரத்தை மனதில் வைத்து வடிவமைத்தோம் என்பதே அதன் பொருள். 2019 ஜனவரியில் அமெரிக்காவின் தரை, கடல், விமானப் படைத் துறைச் செயலர்கள் மூவரும் திறந்த தரங்களை வலியுறுத்திக் கூட்டுக் கடிதம் எழுதினார்கள். சோசா 1.0 பதிப்பை, தரங்களை வகுக்கும் அமைப்பான ஓப்பன் குரூப் 2021 செப்டம்பரில் வெளியிட்டது. சான்று பெற்றதற்குப் பெயர் 'கன்ஃபார்மென்ட்'. டெண்டரில் அந்தச் சொல்லையும், பதிப்பு எண்ணையும், நீங்கள் வாங்கும் பார்ட் நம்பருக்கே உரிய சான்றையும் கேளுங்கள். ஒரே கார்டின் இன்னொரு வகைக்கு வாங்கிய சான்றை ஏற்காதீர்கள்.