நுவரெலியாக் குளிர் போதாதென்று டுபாயில் காசு கொடுத்துக் குளிர்வதா?

கேள்வி: என் மகன் டுபாயில் வேலை செய்கிறார். ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு நானும் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அவரிடம் போகிறோம். மேசை, கதிரை, சுவர் எல்லாமே பனிக்கட்டியால் ஆன ஒரு கபேக்கு எங்களைக் கூட்டிச் செல்லப் போவதாகவும், அதற்கு இப்போதே நுழைவுச்சீட்டு எடுக்கப் போவதாகவும் சொல்கிறார். நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவள் குளிருக்குக் காசு கொடுப்பதா என்று யோசனையாக இருக்கிறது. போவதென்றால் இங்கிருந்தே தடித்த ஜேக்கட்டுகள் வாங்க வேண்டுமா?
வாசகி, நுவரெலியா

பதில்: ஜேக்கட் வாங்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு பேருக்கு வாங்கினால் அந்தச் செலவே நுழைவுச்சீட்டுச் செலவுக்குக் கிட்ட வந்துவிடும். இவ்வகை இடங்களில் உள்ளே போகுமுன் நீண்ட குளிரங்கியும் கையுறையும் அவர்களே தருவார்கள். அதற்கான கட்டணம் பொதுவாக நுழைவுச்சீட்டிலேயே அடங்கியிருக்கும். நீங்கள் கொண்டுபோக வேண்டியவை கம்பளிக் காலுறையும் விரல்களை மூடும் சப்பாத்தும் மட்டுமே. ஆகஸ்ட் வெயிலில் செருப்போடு புறப்பட்டுவிட்டு அங்கே போய்க் கால் விறைத்து நிற்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் மகன் குறிப்பிடுவது, ஷேக் சாயித் வீதியிலுள்ள டைம்ஸ் ஸ்கொயர் சென்டரில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'சில்அவுட்' போன்ற இடத்தை என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே வெப்பநிலை மைனஸ் 6 பாகை செல்சியஸ் அளவில் வைக்கப்படுகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறை மைனஸ் 18 என்பதால், பயப்படும் அளவுக்கு இது பெரிய குளிர் அல்ல. ஆயினும் வெளியே 40 பாகையைத் தாண்டிய வெயிலிலிருந்து நேரே உள்ளே நுழைகிறபோது உடலுக்கு அது சுமார் 46 பாகை வித்தியாசம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் உறைபனியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் குளிரில் மூடுபனியின் ஈரமும் காற்றும் இருக்கும், அங்கே இரண்டும் இல்லை. பனிக்கட்டி கசியாது, உடுப்பு நனையாது. வியர்வையோடு உள்ளே போனால் மட்டும் அந்த ஈரம் முதுகில் குத்தும்; ஆகவே வாசலில் சற்று நேரம் ஆறியபின் நுழையுங்கள்.

காசு கொடுப்பது குளிருக்கு அல்ல, பனிக்கட்டியைப் பார்க்கவும் தொடவும்தான் என்பது என் கருத்து. பனிக்கட்டியில் செதுக்கிய குவளையில் பழச்சாறு வரும். அதைக் கையுறையோடு பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் சிரிக்கும் காட்சிக்கு ஒருமுறை செலவழிக்கலாம், இரண்டாம் முறை வேண்டாம். பிள்ளைகளுக்கு ஓடி விளையாட வேண்டும் என்றால், 2005இல் மோல் ஒஃப் தி எமிரேட்ஸில் திறக்கப்பட்ட 'ஸ்கி டுபாய்' பனிப்பூங்கா பொருத்தமானது. அதன் பரப்பு 22,500 சதுர மீற்றர். கபேயில் உட்கார்ந்திருக்கத்தான் முடியும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை எவ்வளவு நேரம் உட்காரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போதே எடுக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். திகதி குறித்த சீட்டு என்றால், பயணம் தள்ளிப்போனாலோ பிள்ளைக்குத் தடிமன் பிடித்தாலோ பணம் திரும்பக் கிடைக்குமா என்பது அந்தச் சீட்டின் நிபந்தனையைப் பொறுத்தது. எடுக்குமுன் அவர் கேட்டறிய வேண்டியது, எத்தனை நிமிடம் உள்ளே இருக்கலாம், ஒரு பானம் சேர்ந்ததா, உணவுக்குத் தனிக் கணக்கா, எந்த வயதுவரை சிறுவர் கட்டணம் என்பவற்றை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2018 ஜனவரி முதல் 5 சதவீத பெறுமதி சேர் வரி உண்டு. காட்டப்படும் விலையில் அது அடங்கியிருக்க வேண்டும். பணத்தை மகன் தன் அட்டையால் திர்ஹமிலேயே செலுத்தட்டும். இலங்கை அட்டையை நீட்டினால் இயந்திரம் ரூபாயில் கழிக்கவா என்று கேட்கக்கூடும். திர்ஹம் என்றே தெரிவு செய்யுங்கள், ரூபாய் மாற்று வீதம் பெரும்பாலும் உங்களுக்கு நட்டம். செலவை மனக்கணக்காகப் பார்க்க, ஒரு டொலருக்கு 3.67 திர்ஹம் என்பது நிலையான விகிதம். அன்றைய டொலர் விலையை அதனால் வகுத்தால் ஒரு திர்ஹத்தின் ரூபாய் பெறுமதி வந்துவிடும்.

பற்றுச்சீட்டை வைத்திருங்கள். சொன்ன பானம் தரப்படாவிட்டால் அங்கேயே முகாமையாளரிடம் கேட்க வேண்டும். ஊருக்கு வந்தபின் நம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தை அழைப்பதால் பயனில்லை, டுபாய்க் கடை அவர்கள் அதிகாரத்துக்குள் வராது.

பேரப்பிள்ளைகளில் எவருக்கேனும் இழுப்பு இருந்தால், குளிர்காற்று அதைத் தூண்டக்கூடும் என்பதால் மருத்துவரிடம் கேட்காமல் அழைத்துப் போகாதீர்கள். மருந்துக் குழாயை மருமகளின் கைப்பையில் அல்ல, அங்கிக்குள் இருக்கும் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால், குளிரூட்டிய வேனிலிருந்து கொழும்பில் இறங்கும்போது எனக்கு நேர்வதே வெளியே வந்ததும் உங்களுக்கும் நேரும்: கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து எதுவும் தெரியாது. வாசற்படியில் இறங்குமுன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.