தினம் வந்தால் நிலை மாறுமா?

கேள்வி: மகளிர் தினம், பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு தினம் என்று வருடாவருடம் வருகின்றன. இவற்றால் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா?

பதில்: பெண்கள் வேலையை நிறுத்திய இடங்களில் மாறியிருக்கிறது. 1917 மார்ச் 8-ல் ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதின் நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரே வாரத்தில் ஜார் (ரஷ்யப் பேரரசர்) பதவி விலகினார், அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமையும் வந்தது. 1975 அக்டோபர் 24-ல் ஐஸ்லாந்தில் சுமார் 90 சதவீதப் பெண்கள் அலுவலக வேலை, சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். (அப்பாக்கள் பிள்ளைகளோடு அலுவலகம் போனார்கள்!) மறு ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. ஆனால் சம்பள இடைவெளி மூடவில்லை. 2023-ல் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள்.

மகளிர் தினத்தைப் பூங்கொத்தோடு முடிக்கும் அலுவலகமா உங்களுடையது? ஆண், பெண் சம்பள விவரத்தை எழுத்தில் கேளுங்கள். மொத்த சராசரி போதாது, பதவிவாரியாக வேண்டும். பதில் தரும் தேதியையும் பொறுப்பாளர் பெயரையும் அன்றே வாங்கிவிடுங்கள்.