பையன் முடியை வெட்டச் சொல்கிறார்கள், சட்டம் காப்பாற்றுமா?

கேள்வி: நான் மதுரைப் பக்கம். கல்யாணமாகி டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். கணவர் கறுப்பின அமெரிக்கர். மகனுக்கு 13 வயது, அச்சு அசல் அப்பாவின் முடி. ஒன்பது வயதில் டிரெட்லாக்ஸ் (முடியைச் சடைசடையாகத் திரித்து வளர்ப்பது, சுருக்கமாக லாக்ஸ்) போட ஆரம்பித்தான், இப்போது தோளைத் தாண்டிவிட்டது. இந்த வருடம் புதுப் பள்ளி. போன வாரம் துணை முதல்வர் போன் செய்து, திங்கட்கிழமைக்குள் வெட்டாவிட்டால் வகுப்புக்கு விடாமல் தனி அறையில் உட்கார வைப்போம் என்றார். முடியை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று கிரவுன் சட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். ‘ஸ்டைலைப் பற்றி நாங்கள் பேசவில்லை, நீளம்தான் பிரச்சினை’ என்கிறார். அவன் அவிழ்த்துவிட்டுப் போனதே இல்லை, உச்சியில் கட்டிக்கொண்டுதான் போவான். வழக்குப் போடலாம் என்கிறார் கணவர். என் அம்மா போனில், ‘பழனிக்கு நேர்ந்துகிட்டிருக்கோம், இப்ப வெட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துடு’ என்கிறார். மகன் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: வெட்டாதீர்கள். திங்கட்கிழமைக்காக என்றால் நிச்சயம் வெட்டாதீர்கள். தனி அறையில் உட்கார வைத்தால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லியும் கேட்கலாம். நாலு வருடம் வளர்த்த லாக்ஸை வெட்டிவிட்டால் எந்த நீதிபதியாலும் திருப்பி ஒட்ட முடியாது. பின்னல் என்றால் இன்று அவிழ்த்து அடுத்த மாதம் மறுபடி போட்டுக்கொள்ளலாம், லாக்ஸ் அப்படி இல்லை, எடுப்பது என்றாலே பெரும்பாலும் கத்தரிதான். பள்ளி இதைப் புரிந்துகொண்டு கேட்கிறதா, புரியாமல் கேட்கிறதா என்பது எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்து, துணை முதல்வர் சொன்ன அந்த வரி. அது அவர் வாய்க்கு வந்த சமாளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சாஸில் ஏற்கெனவே ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) இதையே சொல்லி நீதிமன்றத்தில் ஜெயித்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

டெக்சாஸின் கிரவுன் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரெட்டா பவர்ஸ். ஆளுநர் கையெழுத்துப் போட்டது 2023 மே மாதம், அமலுக்கு வந்தது செப்டம்பர் 1. இனத்தோடு சேர்த்து அறியப்படும் முடியின் தன்மையை வைத்தோ, முடியைப் பாதுகாக்கும் சிகை அலங்காரத்தை வைத்தோ பள்ளியோ வேலை கொடுப்பவரோ பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது சட்டம். பாதுகாப்பு அலங்காரம் என்றால் என்னவென்று சொல்லும் இடத்தில் பின்னல், லாக்ஸ், முறுக்கு மூன்றும் பெயரோடு இருக்கின்றன. நீளம் என்ற சொல் மட்டும் இல்லை.

சட்டம் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள் ஹூஸ்டனுக்குக் கிழக்கே மான்ட் பெல்வியூவில் உள்ள பார்பர்ஸ் ஹில் உயர்நிலைப் பள்ளியில் டாரில் ஜார்ஜ் என்ற மாணவரை வகுப்பிலிருந்து எடுத்தார்கள். அவரும் உங்கள் மகனைப் போலவே லாக்ஸை உச்சியில் முறுக்கிக் கட்டியிருந்தார். காதை மறைக்கவில்லை, காலரைத் தொடவில்லை. ஆனால் அவிழ்த்துவிட்டால் காலருக்கும் காது மடலுக்கும் கீழே வரும், ஆகவே விதிமீறல் என்றது பள்ளி. அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதியை அவர் தனி அறையிலும் மாற்றுப் பள்ளியிலுமாகக் கழித்தார். நடுவில் அந்த மாவட்டத்தின் கண்காணிப்பாளர் ஹூஸ்டன் நாளிதழில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்து, அமெரிக்கராக இருப்பதற்கு ஒத்துப்போவது அவசியம் என்று எழுதினார். ஒரு பையன் தலைமுடிக்கு முழுப்பக்க விளம்பரம்! 2024 பிப்ரவரி 22 அன்று அனவாக் ஊர் நீதிமன்றத்தில் சில மணி நேரம்தான் விசாரணை நடந்தது, சட்டத்தில் நீளம் பற்றி இல்லை, எனவே பள்ளி கிரவுன் சட்டத்தை மீறவில்லை என்று நீதிபதி சாப் கெய்ன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

உங்கள் துணை முதல்வர் அங்கிருந்துதான் பேசுகிறார். ஆனால் அதே பார்பர்ஸ் ஹில் விதி 2020-ல் வேறொரு நீதிமன்றத்தில் வேறு பதில் வாங்கியது என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். டிஆண்ட்ரே ஆர்னால்ட் என்ற மாணவரிடம் லாக்ஸை வெட்டினால்தான் பட்டமளிப்பு விழாவில் நடக்க விடுவோம் என்றார்கள். அவரும் அவருடைய உறவுக்காரப் பையனும் ஹூஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள், அந்த உறவுக்காரப் பையன் வெட்டாமலே பள்ளிக்குத் திரும்பலாம் என்று நீதிபதி லீ ரோசெந்தால் இடைக்காலத் தடை கொடுத்தார். அப்போது டெக்சாஸில் கிரவுன் சட்டமே கிடையாது, அரசியலமைப்பை வைத்தே வாதாடினார்கள். அதற்காக ஜார்ஜ் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனபோதும் இதே நடந்தது என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் அவருடைய கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை அங்கே தள்ளுபடி செய்துவிட்டார்கள், ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்று உங்களுக்கு முக்கியம், பின்னால் வருகிறேன்.

‘வெறும் முடிதானே’ என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம். நிறவேற்றுமைக்கு எதிரான சட்டம் அமெரிக்காவில் 1964-லேயே வந்துவிட்டது. 1976-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆஃப்ரோ முடியை (சுருள்முடியை அப்படியே பந்துபோல் வளரவிடுவது) வைத்துப் பாகுபாடு காட்டியதாகச் சொல்வதும் இனப் பாகுபாட்டுப் புகார்தான் என்று ஏற்றுக்கொண்டது. 1981-ல் ரெனே ராஜர்ஸ் என்ற விமான நிறுவன ஊழியர், தலையை ஒட்டிப் பின்னிய கார்ன்ரோவுக்காக வழக்குப் போட்டபோது வேறு பேச்சு. ஆஃப்ரோ தானாக வளர்வது, பின்னல் நீங்களாகப் போட்டுக்கொள்வது, மாற்றிக்கொள்ளக் கூடியதற்குப் பாதுகாப்பு கிடையாது என்றார் நீதிபதி. ஒரு வெள்ளை நடிகை சினிமாவில் அப்படிப் பின்னிக்கொண்டு வந்த பிறகுதான் இவரும் பின்னினார் என்று தீர்ப்பில் வேறு எழுதிவைத்தார். அலபாமாவின் மொபீல் நகரில் 2010-ல் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்குக் கொடுத்த வேலையை, லாக்ஸை வெட்ட மறுத்ததால் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே ‘மாற்றிக்கொள்ளலாமே’ வாதத்தைச் சொல்லி நிறுவனத்தின் பக்கம் நின்றது.

சுருண்டு சுருண்டு வளரும் முடியில் தலையின் எண்ணெய்ப் பசை நுனி வரை இறங்காது, காய்ந்துபோகும், தினமும் சீப்பை இழுத்தால் உடையும். அதனால்தான் பின்னுகிறார்கள், முறுக்குகிறார்கள், லாக்ஸ் வளர்க்கிறார்கள். உங்களுக்கு இது தெரியும், அந்தத் தலையை வாரிவிட்ட கை உங்களுடையது. அந்தத் தீர்ப்புகளை எழுதியவர்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2019 ஜூலையில் கலிஃபோர்னியா முதல் கிரவுன் சட்டத்தைக் கொண்டுவந்தது, இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான மசோதா 2022 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. ஆக, மாநில எல்லையைத் தாண்டினால் உரிமையும் மாறும்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம்.

இனிமேல் போனில் பேச்சு வேண்டாம். இன்றைக்கே துணை முதல்வருக்கு ஒரு இமெயில் அனுப்பி, எந்த விதி, ஹேண்ட்புக்கில் எந்தப் பக்கம், என் மகன் எந்த நாளில் எப்படி மீறினான், அந்த விதி பெண் பிள்ளைகளுக்கும் உண்டா என்று கேளுங்கள். கோபம் வேண்டாம், நாலு வரி போதும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது, ஏனென்றால் ஜார்ஜ் வழக்கில் தள்ளுபடியாகாமல் மிஞ்சிய கோரிக்கை அதுதான்: பெண்கள் நீளமாக வைத்துக்கொள்ளலாம், ஆண்கள் கூடாது என்பது பாலினப் பாகுபாடு. ஹூஸ்டனுக்கு வடக்கே மாக்னோலியா பள்ளி மாவட்டத்தில் 2021-ல் மாணவர்கள் ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பின் உதவியோடு இந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போட்டார்கள், கொஞ்ச நாளிலேயே மாவட்டம் விதியை மாற்றிக்கொண்டது. இதையும் சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஆண் பிள்ளைகளின் முடி நீளத்தில் தலையிட மாட்டோம் என்று அந்தப் பகுதிக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது, டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் 1995-ல் அதே பக்கம்தான் நின்றது. இருந்தாலும் ஸ்டைலா நீளமா என்று அவர்கள் போட்ட கோட்டுக்குள்ளேயே நின்று வாதாடுவதைவிட இது மேல்.

துணை முதல்வர் மறுபடி போன் செய்தால், டெக்சாஸில் பேசுகிறவர்களில் ஒருவருக்குச் சம்மதம் என்றாலே பதிவு செய்யலாம், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். பேசி முடித்ததும், ‘நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு இமெயிலும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பள்ளி மாவட்டத்துக்கு எழுத்தில் புகார். இதற்கு மாவட்டக் கொள்கையில் ஒரு கெடு இருக்கும், பெரும்பாலும் ரொம்பக் குறுகியதாக இருக்கும், அதை இன்றே பார்த்துவையுங்கள். நல்ல வழக்கு பாதி இடங்களில் நாள் தவறியே செத்துப்போகிறது. கூட்டாட்சிக் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்துக்கும் சம்பவம் நடந்து 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை, செலவும் இல்லை. 2025-ல் அங்கே ஆட்களைப் பாதியாகக் குறைத்துவிட்டதால் வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பதிவில் இருக்கட்டும் என்று கொடுத்து வையுங்கள். உங்கள் கணவர் சொல்லும் வழக்கு இதற்கெல்லாம் பிறகு. ஆர்னால்ட் குடும்பத்துக்கு வாதாடியது கறுப்பினத்தவர் உரிமைக்காக வழக்காடும் என்ஏஏசிபி சட்டப் பாதுகாப்பு நிதியம், அவர்களுக்கும் டெக்சாஸ் ஏசிஎல்யூவுக்கும் எழுதுங்கள். பொதுவான வக்கீலிடம் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு கதவையும் தட்டிவிடுங்கள். நான் வக்கீல் இல்லை, உங்கள் ஹேண்ட்புக்கை நான் பார்க்கவும் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மாவின் யோசனை. படித்துவிட்டுச் சிரித்தேன், ஆனால் அம்மா லேசுப்பட்டவர் இல்லை. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே நீட்வில் என்ற ஊரில் ஒரு பழங்குடிச் சிறுவன், பாலர் வகுப்புப் பிள்ளை. குடும்பத்தின் நம்பிக்கைப்படி முடி வெட்டுவதில்லை. பின்னிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வா என்றது பள்ளி. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், டெக்சாஸின் மதச் சுதந்திரச் சட்டப்படி அது செல்லாது என்றது. ஆக, உண்மையிலேயே பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தால் தாராளமாக எழுதிக் கொடுங்கள். நேரவில்லை என்றால் வேண்டாம். வழக்கு என்று வந்தால் உங்களையும் பையனையும் கூண்டில் ஏற்றி எப்போது நேர்ந்தீர்கள், யார் நேர்ந்தார்கள், எப்போது இறக்கப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். 13 வயதுப் பையனைப் பொய் சொல்ல வைத்துவிட்டு அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று வாதாட முடியாது.

இதில் எனக்குப் பிடித்த தீர்ப்பு அமெரிக்காவில் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தென்னிந்திய வம்சாவளி மாணவி ஒருவரிடம் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னது பள்ளி. இது எங்கள் குடும்பத்துப் பெண்கள் வழிவழியாகச் செய்வது என்று அவருடைய அம்மா உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார், மதம் கட்டாயப்படுத்துகிறது என்று கதை கட்டவில்லை. 2007-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், கட்டாயமாகச் செய்வதற்கு மட்டுமில்லை, ஒருவர் விரும்பிச் செய்வதற்கும் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி மாணவி பக்கம் நின்றது. பிள்ளை வழக்கு என்றுதான் அதற்குப் பெயர். டெக்சாஸ் நீதிமன்றத்தை இது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் புகாரில் லாக்ஸ் என்பது அவனுடைய அப்பா வழிப் பழக்கம், வீட்டில் யார் யாருக்கு இருக்கிறது, எப்போது ஆரம்பித்தான், ஏன் ஆரம்பித்தான் என்று உண்மையை வரிசையாக எழுதும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கணவரையும் உட்கார வைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள், இது அவருடைய தலைமுடிக் கதையும்தானே.

கடைசியாக மகன். நீங்கள், கணவர், பாட்டி, துணை முதல்வர், நான், இத்தனை பேர் அவன் தலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். திங்கட்கிழமை அந்த அறையில் உட்காரப்போவது அவன். சும்மா ஒரு நாள் இரண்டு நாளில் முடியாமல் மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஜார்ஜுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள், அவர் கடைசியில் பள்ளியையே மாற்றிக்கொண்டார் என்பது உட்பட. பிறகு கேளுங்கள். போராடலாம் என்றால் தனி அறையில் அவனுக்கு அன்றன்றைய பாடம் கிடைக்கிறதா என்று தினமும் கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து மாவட்டத்தில் விதி வேறாக இருந்தால் மாறிவிடலாம் என்று சொன்னாலும் தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம். வெட்டிவிடலாம் என்று அவனே சொன்னால் அதற்கும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்து மறுபடி கேளுங்கள், பயத்தில் சொல்கிறானா விரும்பிச் சொல்கிறானா என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த ஒரு வாரத்தைத் தரும்படி பள்ளிக்கு அனுப்பும் இமெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.