கழிவுநீர் அழுத்தக் குழாய்க்கு எந்த வால்வு?

குடியிருப்பின் கழிவுநீரைத் தொட்டியிலிருந்து 150 மி.மீ. குழாய் வழியே பம்ப் வைத்து ஏற்றுவதாகவும், அதிலுள்ள பட்டர்ஃப்ளை வால்வு சில மாதங்களுக்கு ஒருமுறை இறுகிவிடுவதாகவும், அதே வகையில் விலை கூடியதை வாங்குமாறு விற்பனையாளர் சொல்வதாகவும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

எந்த விலையிலும் அது வேண்டாம். பட்டர்ஃப்ளை வால்வு முழுமையாகத் திறந்திருக்கும்போதும் அதன் தட்டு ஓட்டத்தின் நடுவிலேயே நிற்கும். இறுகிப்போன ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்: தலைமுடியும் துணிக்கிழிசலும் ஈரத் துடைப்புத்தாள்களும் தட்டின் விளிம்பில் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கும், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து கெட்டிப்பட்டிருக்கும். தட்டு எவ்வளவு உயர்ந்த உலோகத்தில் செய்யப்பட்டிருந்தாலும் துணி அதில் சிக்கத்தான் செய்யும்.

கதவு மேலும் கீழும் நகர்ந்து குழாயை அடைக்கும் கேட் வால்வில், அந்தக் கதவு அமரும் இருக்கை உலோகமாக உள்ள பழைய வகையும் உதவாது. அதன் அடியிலுள்ள பள்ளத்தில் மணல் தங்கிவிடுவதால் கதவு முழுமையாக இறங்காது. இறங்கவில்லையே என்று பணியாளர் கைச்சக்கரத்தில் குழாய்க் குறடைப் போட்டு முறுக்கினால், கதவை ஏற்றி இறக்கும் ஸ்பிண்டில் என்ற தண்டு வளைந்துவிடும்.

உங்களுக்கு ஏற்றது எக்சென்ட்ரிக் பிளக் வால்வு. கால் சுற்றில் திறக்கும்போது அதன் அடைப்பான் ஓட்டப் பாதையை விட்டு ஒதுங்கிவிடும். படுக்கைக் குழாயில் அதன் தண்டு கிடைமட்டமாகவும், திறந்த நிலையில் அடைப்பான் மேற்புறமாகவும் இருக்குமாறு பொருத்தச் சொல்லுங்கள். மாற்றிப் பொருத்தினால் மணல் அடைப்பானைச் சுற்றிப் படிந்துவிடும்.

ஒரு விலக்கை மட்டும் நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய நுரை உருளையைச் செலுத்தும் திட்டம் இப்போதோ பிற்காலத்திலோ இருந்தால், பெரும்பாலான பிளக் வால்வுகளின் வழி குழாயின் விட்டத்தைவிடக் குறுகலானது என்பதால் உருளை அங்கே சிக்கிக்கொள்ளும். அப்போது முழு விட்டமும் திறக்கும், அடியில் பள்ளமில்லாத, ரப்பர் பூசிய கதவு கொண்ட கேட் வால்வே சரி. இப்போது உருளை செலுத்துவதில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால், பிறகு குழாய் அடைத்துக்கொள்ளும் நாளில் வால்வையே வெட்டி எடுக்க நேரும்.

உங்களை உண்மையில் ஏமாற்றக்கூடியது, “குடிநீர் வால்வும் இதுவும் ஒன்றுதான், பத்து பார் சோதனையில் தேறியது” என்று இடைத்தரகர்கள் காட்டும் சான்றிதழ். அந்தச் சோதனை தூய நீரில் செய்யப்படுவது. வால்வு கசிகிறதா, அழுத்தம் தாங்குகிறதா என்பதை மட்டுமே அது சொல்லும், துணி சிக்குமா என்பதைச் சொல்லாது. குடிநீர்ப் பணிக்கு எழுதிய விவரக்குறிப்பை அப்படியே நகலெடுத்துக் கழிவுநீர்ப் பணிக்கும் ஒப்பந்தப்புள்ளி கோருவதும், குறைந்த விலை சொன்னவருக்கே பணியைக் கொடுப்பதும், சான்றிதழ் கோப்பில் இருந்தால் போதும் என்று கையெழுத்திடுவதும் இன்னும் எத்தனை காலத்துக்குத் தொடருமோ தெரியவில்லை. வால்வின் உள்ளே ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பம்ப்பை அடுத்து, கழிவுநீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும், அதற்கு அடுத்து நீங்கள் தேர்ந்தெடுத்த பிளக் அல்லது கேட் வால்வும் வர வேண்டும். குழாயின் மேட்டுப் பகுதியில் தேங்கும் காற்றை வெளியேற்ற ஏர் வால்வு தேவைப்பட்டால் கழிவுநீருக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் வால்வை முழுமையாகத் திறக்கச் சொல்லி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்கே தண்டோ தட்டோ தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.